நடந்து முடிந்த முகாம்

கிளாவரை பஸ்ஸை ஏழே முக்காலுக்கு எடுத்தார்கள். ஜோதிமணி ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பையில் ரொட்டி இருந்தது. ஒரு சால்வை இருந்தது. மடித்து வைத்த வெள்ளைக் கோல் ஒன்றும் இருந்தது. கோலின் கைப்பிடியில் கிளப்பின் பெயர் ஒட்டியிருந்தது. பூம்பாறை வருவதற்குள் அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிடப் பார்த்தாள். பாதிதான் வந்தது.

கோலைக் கொடுத்தனுப்பியவர் ஈஸ்வரன். ஏரிப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிறார். குறிஞ்சி நற்பணிச் சங்கத்தின் கொடைக்கானல் கிளைக்குத் தலைவர். கொடைக்கானலில் எல்லோருக்கும் அது கிளப். ஜோதிமணி அதன் செயலாளர். பேக்கரி நடத்துகிறாள்.

"போறதுதான் போற, இதக் குடுத்து ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துரு ஜோதி. அடுத்த மாச நியூஸுக்கு ஆச்சு" என்றார் ஈஸ்வரன்.

நக்கலாகச் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சங்கத்துக்கு மாவட்ட அளவில் ஒரு மாத இதழ் உண்டு. ஒவ்வொரு கிளையும் அந்த மாதம் செய்ததை எழுதி அனுப்ப வேண்டும். இதழ் இருபதாம் தேதியே அச்சுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு நடப்பது அந்த மாதக் கணக்கில் வராது. அதனால் எல்லாச் செயலாளர்களும் நடக்கப்போவதை நடந்ததாக எழுதி முன்னாலேயே அனுப்பிவிடுவார்கள். பிறகு நடத்திவிடுவார்கள். இதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னாடி பத்திரிகை அடிக்கிறதில்லையா என்பார் ஈஸ்வரன்.

நவம்பர் கடைசி ஞாயிறு கிளாவரையில் கண் முகாம் என்று முடிவானது. மதுரையிலிருந்து டாக்டர்கள் வருவதாக ஏற்பாடு. ஜோதிமணி பத்து நாள் முன்பே எழுதி அனுப்பிவிட்டாள். அவளுக்கு எழுத வரும். மலைக்கிராம மக்கள் திரளாக வந்து பயன்பெற்றார்கள் என்று எழுதினாள். தூறலையும் பொருட்படுத்தாமல் என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். கார்த்திகை மாதம் தூறல் இல்லாமல் இருக்காது. போட்டோவுக்குப் போன வருஷம் பள்ளங்கியில் நடந்த முகாமின் படத்தை எடுத்து, பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகை தெரியாமல் வெட்டிக்கொண்டாள். உள்ளூர் நிருபருக்கும் அதையே அனுப்பினாள். திங்கட்கிழமை போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

முகாமுக்கு நான்கு நாள் முன்னால் அவளே கிளாவரைக்குப் போய் வீடு வீடாகச் சொன்னாள். ஊருக்குக் கீழே, காட்டுக்குள் இருக்கும் பளியர் பழங்குடிகளின் குடியிருப்புக்கும் இறங்கினாள். அங்கே ஒரு பெண் ஈரத்துணியை வலது கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் செல்லாயி. இடது கண் சிறுவயதில் முள் குத்திப் போய்விட்டது. இருந்த கண்ணும் இரண்டு நாளாகச் சிவந்து வலிக்கிறது, தலையும் சேர்ந்து வலிக்கிறது என்றாள். ஜீப் பிடித்துக் கீழே கூட்டிப்போகலாமா என்று புருஷன் ஒச்சன் கேட்டான்.

"எதுக்கு அலையிறீங்க? ஞாயித்துக்கிழமை பெரிய டாக்டரே இங்க வர்றாரு" என்றாள் ஜோதிமணி.

ஞாயிற்றுக்கிழமை தூறவில்லை. கொட்டியது. மன்னவனூருக்கு முன்னால் சாலையில் மரம் விழுந்து, அதன்மேல் மண்ணும் சரிந்து கிடந்தது. டாக்டர்களோடு போன வேனை அங்கேயே திருப்பினார்கள். ஜோதிமணி, கிளாவரையில் டீக்கடை வைத்திருக்கும் பொன்னுச்சாமிக்குப் போன் போட்டு, அடுத்த ஞாயிறு கட்டாயம் வருகிறோம், எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்றாள். அவர் ஊருக்குச் சொன்னார். அந்த மழையில் காட்டுக்குள் இறங்கிப்போய் யார் சொல்வது?

வீட்டுக்கு வந்தவள் தலையைத் துவட்டினாள். காப்பி குடித்தாள். நிருபரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது.

மறுநாள் செய்தி வந்தது. படத்தோடு. நான்கைந்து பேர் வாழ்த்துச் சொன்னார்கள். பொன்னுச்சாமியும் போன் செய்தார்.

"எங்க ஊர்லயே எங்களுக்குத் தெரியாம முகாம் நடத்திட்டீகளேம்மா. கண்ணு கெட்டுப்போனது எங்களுக்கா, உங்களுக்கா?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு போவது பற்றிப் பேச்சு வந்தபோது ஈஸ்வரன் தலையாட்டவில்லை. நடந்து முடிந்த முகாமை மறுபடி எப்படி நடத்துவது என்று கேட்டார். நிருபருக்குத் தெரிந்தால் என்ன சொல்வது? மாவட்டத்துக்கு என்ன சொல்வது? தை பிறக்கட்டும், வேறு பெயரில் வைத்துக்கொள்வோம் என்றார். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. கூட்டத்தில் ஜோதிமணியும் இருந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் முகாம்களைக் கவனிக்கும் ரம்யா இரண்டு முறை தேதி கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றாள் ஜோதிமணி. மலைக்கிராமச் சேவைக்காகக் கிளப்புக்கு மாவட்டக் கேடயம் கிடைத்தது. அன்றைக்கு வெட்டிய கேக் அவள் கடையில் செய்தது.

போன வாரம் ரம்யா பேசினாள். கிளாவரைப் பக்கத்திலிருந்து செல்லாயி என்று ஒரு அம்மா வந்தார்கள் என்றாள். எஸ்டேட் ஜீப்பில் யாரோ கொண்டுவந்து விட்டார்களாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பே பட்டுப்போயிருந்தது. வலி வந்த வாரமே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார்.

"அந்தம்மா உங்க கேம்புக்குத்தான் காத்திருந்தாங்களாம் மேடம். நீங்க அப்புறம் டேட்டே குடுக்கலையே."

பஸ் கிளாவரையில் நின்றது. பொன்னுச்சாமி டீ குடிக்கச் சொன்னார். அவள் வேண்டாம் என்று காட்டுப் பாதையில் இறங்கினாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வருகிறோம் என்றோம், வரவில்லை. மறுபடியும் வரவில்லை. காரணம் மழை இல்லை, நாங்கள்தான். அவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். இரண்டு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

செல்லாயி வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் சும்மா கிடந்தன. பக்கத்தில் ஒச்சன், காட்டிலிருந்து கொண்டுவந்த கல்பாசியில் பட்டையும் மண்ணும் பொறுக்கிக்கொண்டிருந்தான். அது அவன் வேலை இல்லை என்பது பொறுக்குகிற விதத்தில் தெரிந்தது. ஜோதிமணியைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்தான்.

"கிளப்பு அம்மா வந்திருக்காக" என்று மனைவியிடம் சொன்னான். செல்லாயி முகத்தைத் திருப்பினாள். வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

ஜோதிமணி வாயைத் திறப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான். மன்னிச்சிருங்கம்மா என்றான். இவ்வளவு தூரம் மலையேறி வந்து சொல்லிவிட்டுப் போனீர்கள், சொன்ன நேரத்துக்கு வந்து சேர எங்களுக்குத் துப்பில்லை என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

அன்றைக்கு அவர்கள் வெள்ளனே கிளம்பியிருக்கிறார்கள். நடுவில் ஓடை. மழையில் தண்ணீர் இடுப்புக்குமேல் போயிருக்கிறது. கையைப் பிடித்துக்கொள், தாண்டிவிடலாம் என்று செல்லாயி சொல்லியிருக்கிறாள். அவனுக்குப் பயம். பாறைக்கு அடியில் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் வடியக் காத்திருந்தான். ஏறி வந்து சேர்ந்தபோது, முகாம் வைப்பதாகச் சொன்ன பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. மழையில் தெருவில் ஒரு ஆள் இல்லை. திரும்பிவிட்டார்கள்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, அவன் வேலைக்குப் போகும் எஸ்டேட்டில் கங்காணி கந்தவேல் பேப்பரை வாசித்துக் காட்டினார். கிளாவரையில் முகாம் நடந்தது. தூறலையும் பொருட்படுத்தாமல் எல்லோரும் வந்தார்கள். பயன்பெற்றார்கள். படமும் போட்டிருந்தது. அதன்பிறகு ஒச்சன் கிளாவரைக்குப் போவதையே விட்டுவிட்டான். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால், ஊரே வந்தபோது நீ எங்கே நின்றாய் என்று கேட்பார்கள். வலிக்கு வேர் அரைத்துப் போட்டான். கண் மங்கி மங்கிப் போன பிறகு கந்தவேல்தான் ஜீப்பில் கூட்டிப்போனார்.

"நான் இவர ஒரு சொல்லு சொல்லலங்கம்மா" என்றாள் செல்லாயி. "இவராத்தான் ராவெல்லாம் முழிச்சுக் கெடக்காரு. நீங்களாச்சும் சொல்லுங்க. போன கண்ணு போச்சு, ஆளாவது நல்லா இருக்கணும்ல."

ஜோதிமணி பையை இறுக்கிப் பிடித்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் இந்த வாசலுக்குப் பொருந்தவில்லை. அவை கோபமாக இருப்பவர்களுக்காகச் செய்தவை. முகாமே நடக்கவில்லை என்று இப்போது சொல்ல வேண்டும். அந்த இரண்டு சொல் போதும், இவன் தூங்குவான். பிறகு பேப்பரில் எப்படி வந்தது என்று கேட்பான். யார் எழுதியது என்று கேட்பான்.

"அன்னைக்கு மழ..." என்றாள்.

"ஆமாங்கம்மா. அந்த மழயிலயும் நீங்க வந்தீக" என்றான் ஒச்சன்.

அவள் தலையை அசைத்தாள். இல்லை என்றுதான் அசைத்தாள். அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் வாங்கிக் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை அவன் எதிரிலேயே நின்றான். அவனுக்கு ஏதோ கேட்க வேண்டியிருந்தது. செல்லாயி காதில் விழாமல் கேட்க நினைத்தவன்போல ஒரு எட்டு முன்னால் வந்தான். பிறகு அவளும் கேட்கட்டும் என்று விட்டுவிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. தண்ணி வடியட்டும்னு நிக்காம வெரசா வந்திருந்தா, டாக்டரப் பிடிச்சிருப்பமா?"