பின்னணி இரைச்சல்

முடிவு வந்த அன்று சாயங்காலம் அக்கா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தாள். செல்போனை என் பக்கம் தள்ளினாள்.

"படிச்சுச் சொல்லு. உங்க ஆபீஸ் பாஷை எனக்குப் புரியல."

படித்தேன். 'முதன்மைக் கல்வியாளர் நிலைக்கு உரிய தகுதியைத் தாங்கள் இம்முறை எட்டவில்லை. மாநிலத்தின் மழலைக் கல்விப் பணியாளர் வளர்ச்சியில் தங்கள் பங்களிப்பு விலைமதிப்பற்றது. அடுத்த மாதம் முதல் தாங்கள் உதவியாளராகத் தொடர்வீர்கள்.' நடு வாக்கியத்தை எழுதியவன் நான்தான். யார் மனதும் நோகக் கூடாது, ஒரு வரி சேர்த்துவிடு என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் அம்மா போன மாதம் கேட்டார். டீ ஆறுவதற்குள் சேர்த்துக் கொடுத்தேன்.

"அப்படின்னா?"

"வகுப்பு இனிமே உன்னோடது இல்லக்கா. புதுசா ஒருத்தர் வருவாங்க. நீ கூட இருந்து உதவணும்."

"சரி. பதினொரு வருஷமா நான் யாருக்குடா உதவிட்டிருந்தேன்?"

சமையலறையிலிருந்து அம்மா, "அதுக்குத்தான் அன்னைக்கே பேங்க் பரீட்சை எழுதுடின்னேன்" என்றாள். தலைவலி, மழை, அப்பாவின் மரணம் எதுவானாலும் அம்மா கடைசியில் வந்து சேருகிற இடம் அந்தப் பேங்க் பரீட்சைதான்.

அக்கா சிரிக்கவில்லை. "செருப்புக் கடையில கூப்பிட்டிருக்காங்க. போயிடலாம்னு பாக்கறேன். அங்கயும் முட்டி போட்டுத்தான் வேலை. ஆனா அதைப் படம் எடுத்து எவனும் மார்க் போட மாட்டான்."

மார்க் போடுகிற எவன்களில் நானும் ஒருவன். மாநிலம் முழுக்க ஒன்பதாயிரம் மழலைக் கல்வியாளர்கள் கொண்ட படையை உருவாக்குவோம் என்று எங்கள் அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். படைதான். வீரர்கள் உட்காரும் நாற்காலியின் உயரம் ஒன்றரை அடி. முக்கால்வாசிப் பேருக்கு இடுப்பு வலி. வருடத்துக்கு நாலில் ஒருவர் ஏதாவது ஒரு கடைக்கு ஓடிப் போய்விடுகிறார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். தரம் போதவில்லை என்று குழு கண்டுபிடித்தது. அதனால் மழலையர் மையம் ஒவ்வொன்றுக்கும் கேமரா போயிற்று. ஆளுக்கு இருபது நிமிடப் படம். முகம் தெரிந்தால் பாரபட்சம் வரும் என்பதால் எல்லா முகத்தின் மேலும் ஒரு சாம்பல் வட்டம். எல்லோருக்கும் ஒரே நீல மேலங்கி. ஊர் தெரியாது, பெயர் தெரியாது, எண் மட்டும். அதைப் பார்த்துக் கட்டங்களை நிரப்ப நாங்கள் ஐந்து பேர், காதில் ஹெட்போனோடு, ஜன்னல் இல்லாத அறையில்.

ஒரு நாளைக்கு முப்பது படம் முடிக்க வேண்டும். அதற்குப் பத்து மணி நேரம் ஆகும், வேலை நேரமோ எட்டு. இதை ஒருங்கிணைப்பாளரிடம் எடுத்துச் சொன்ன ஒருவர் எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தாராம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு வழி சொல்லிக் கொடுத்தார். அவருக்கு வயது முப்பத்திரண்டுதான். தொப்பையும் அறிவுரையும் சேர்ந்து ஆபீஸில் எல்லோருக்கும் சித்தப்பா ஆகிவிட்டார். "தம்பி, ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டு. பிள்ளைங்க ஓடிட்டே இருக்கிற மாதிரி தெரியும். நேர்ல பார்த்தாலும் அப்படித்தான்." ஓட்டினேன். இரண்டு மடங்கு வேகத்தில் எல்லா டீச்சரும் அணில் மாதிரிப் பேசுவார்கள். மூன்று மாதத்தில் ஆயிரத்து எண்ணூறு அணில்கள். சிறந்த மதிப்பீட்டாளர் என்று எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

"எதுல மார்க் போச்சுன்னு பாரேன்" என்றாள் அக்கா.

விரலால் கீழே தள்ளினேன். 'பேச்சுவழித் தூண்டல்: பூஜ்யம். குறிப்பு: பதினெட்டு நிமிடம் செயலின்மை. மற்ற குழந்தைகளை உதவியாளரிடம் விட்டுவிட்டார். பின்னணி இரைச்சல் உண்டு.'

எங்கள் ஐவரில் நாலு பேர் 'சும்மா இருந்தார்' என்றுதான் எழுதுவார்கள். செயலின்மை என்று எழுதுகிறவன் ஒருத்தன்தான். கல்லூரிப் பத்திரிகையில் இரண்டு வருடம் எழுதிய திமிர்.

"அன்னைக்கு என்னக்கா பண்ணினே?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டம் என்று அதுவரை தெரியாது.

"அன்னைக்கா? நம்ம மேஜைக்கடி மேடம் இருக்காளே..."

அந்தப் பெண்குழந்தையைப் பற்றி எங்கள் வீட்டுக்கே தெரியும். மூன்றரை வயது. மையத்தில் சேர்ந்து நாலு மாதமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. வந்ததும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள், பொழுது சாய்ந்ததும் வெளியே வருவாள். கூப்பிட்டால், கொஞ்சினால், பொம்மையை ஆட்டிக் காட்டினால் இன்னும் உள்ளே போவாள்.

"அன்னைக்கு மத்த பிள்ளைங்களை மணல் தொட்டிக்கு அனுப்பிட்டு நானும் அடியில போய் உக்காந்தேன். எதுவும் பேசல. அவளைப் பாக்கவும் இல்ல. சும்மா என் பாட்டுக்கு உக்காந்திருந்தேன். கேமராக்காரர் வேற, 'ஏதாவது பேசுங்க மேடம், பேசுங்க மேடம்'னு சைகை பண்ணிட்டே இருக்கார். எனக்குக் கால் மரத்துப் போச்சு. கொஞ்சம் நீட்டினேன். மகாராணிக்கு இடம் போதல போல. திரும்பி என்னைப் பார்த்து 'நகரு'ன்னா."

"நகருன்னா?"

"ஆமாண்டா. நாலு மாசத்துல முதல் வார்த்தை. வாங்க போங்க எல்லாம் கிடையாது. நகரு." அக்கா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள், உடனே முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள். "இப்ப ஓயாம பேசறா. புதுசா வர்றவங்க வாயை மூடுன்னு சொல்லாம இருக்கணும்."

எனக்கு அந்தப் படம் ஞாபகம் இருந்தது. அதுதான் மோசம். ஆயிரத்து எண்ணூறில் ஞாபகம் இருப்பவை பத்துகூட இல்லை. இது இருந்தது, ஏனென்றால் நான் ஹெட்போனைக் கழற்றி, "சித்தப்பா, இங்க பாருங்க, ஒரு மேடம் மேஜைக்கடியில தவம் பண்றாங்க" என்று அவருக்குக் காட்டியிருந்தேன். இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

மறுநாள் அந்தப் படத்தை எடுத்து ஒரு மடங்கு வேகத்தில் போட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. மேஜையின் நாலு கால், இரண்டு சாம்பல் வட்டம். பெரிய வட்டத்துக்குக் கீழே ஒரு கை, தரையில் கவிழ்த்து வைத்தது வைத்தபடி. கட்டைவிரல் நகத்தில் பச்சைப் பெயின்ட். அந்தப் பெயின்டை எங்கள் வீட்டு வாஷ்பேசினில் தேய்த்துத் தேய்த்து அக்கா ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தாள். இதை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், ஒன்பதே நிமிடத்தில். பதினேழாவது நிமிடம் சின்ன வட்டம் திரும்பியது. நாற்காலி இழுபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு என்று அன்று நினைத்த சத்தம் வந்தது. இன்று அது வார்த்தையாக இருந்தது. பெரிய கை எழும்பி, ஒரு சாண் தள்ளி, மறுபடி தரையில் படிந்தது. சின்னக் கை அந்த இடத்துக்கு வந்தது.

மறுமதிப்பீடு உண்டு. தன் பிழையை மதிப்பீட்டாளரே, முடிவு வந்த ஏழு நாளைக்குள், தெரிவித்தால் மட்டும். படிவத்தில் ஒரே கேள்விதான்: பிழைக்கான காரணம்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை, ஒரு காதை மட்டும் விலக்கினார். "வேகமா ஓட்டினேன்னு எழுதுவியா? எழுது. உன் ஆயிரத்து எண்ணூறையும் திறப்பாங்க. அப்புறம் என்னோடதையும் திறப்பாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்கடா."

"கண்ணு சரியில்லன்னு எழுதினா?"

"அப்ப கண்ணாடி வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவாங்க." கொஞ்சம் கழித்து, "வேற எத்தனை பேருக்கு இப்படிப் போட்டிருப்போம்னு யோசிக்காத. யோசிச்சா முப்பது முடியாது" என்றார். காதை மூடிக்கொண்டார். அன்றைக்கு மட்டும் அவர் திரையில் படம் ஒரு மடங்கு வேகத்தில் ஓடியதைப் பார்த்தேன். மதியத்துக்கு மேல் பழையபடி.

ஏழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. படிவம் ஆறு மணிக்கு மூடிக்கொள்ளும். அக்கா கூடத்துத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பழைய அட்டைப்பெட்டியைக் கத்தரித்து மீன் பொம்மை செய்துகொண்டிருந்தாள். வகுப்பை ஒப்படைப்பதற்குள், பிள்ளைக்கு ஒன்றாக, இருபத்திரண்டு மீன் முடித்துவிட வேண்டுமாம். "உதவியாளருக்கு எதுக்குடி இந்தப் பாடு?" என்று அம்மா கேட்டதற்கு, "மீனுக்கு அது தெரியாதும்மா" என்றாள். செருப்புக் கடைக்காரர் காலையில்தான் போன் பண்ணியிருந்தார்.

மடிக்கணினியோடு போய் அவள் பக்கத்தில் நின்றேன். மணி ஐந்தேகால். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். என்னடா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. பார்வையை மீனுக்கே திருப்பிக்கொண்டாள்.

இந்த வித்தை எனக்குத் தெரியும். இதற்குத்தான் பூஜ்யம் போட்டிருந்தேன்.

கத்தரிக்கோல் அட்டையைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மீன், இன்னொரு மீன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அதிசயமாகப் பேங்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். திரையில் 'பிழைக்கான காரணம்' என்பதற்குக் கீழே ஒரு கோடு அணைந்து அணைந்து எரிந்தது. என் கால் மரத்துப் போகத் தொடங்கியது. உட்கார இடம் இல்லை. சுவரோரம் முழுக்க மீன்.

"நகரு" என்றேன்.

நாற்காலி இழுபடுகிற மாதிரித்தான் வந்தது குரல். அக்காவின் கத்தரிக்கோல் நின்றது. பிறகு அவள் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, ஒரு சாண் நகர்ந்தாள்.