கோட்டின் மேல் ஒரு நாற்காலி

இதாவேரா அணை பராகுவேக்கும் பிரேசிலுக்கும் பாதிப் பாதி. ஆற்றை மறித்த அன்றே போட்ட ஒப்பந்தம். டர்பைன்கள் பாதிப் பாதி, ஆட்கள் பாதிப் பாதி, கழிப்பறைக் குழாய்கள்கூட. கட்டுப்பாட்டு அறைத் தரையில் ஓடும் மஞ்சள் கோடுதான் எல்லை. வருடா வருடம் அதற்குப் பெயிண்ட் அடிப்பவன் நான்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் எவுலாலியா, அந்தப் பக்கம் பிரேசிலின் வல்டோமிரோ. முள் மீட்டர்களைப் பார்த்தே நரைத்தவர்கள். அவள் பக்கத்து மின்சாரம் வினாடிக்கு ஐம்பது சுற்று, அவன் பக்கம் அறுபது.

"உங்க ஊர்ல கரண்டுகூட நடந்துதாம்மா வருது."

"உன் கரண்டு ஓடியோடி என்னத்தக் கண்டுச்சு? கடைசில எங்க பங்கையும் வாங்கித்தானேய்யா பொழைக்குது!"

மாத்தே என்ற எங்கள் ஊர்த் தேயிலையை அவள் ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து உறிஞ்சுவாள், அவன் வெந்நீரில். இந்த ஒரு பாவத்தை அவள் மன்னித்ததே இல்லை.

பிறகு நவீனமயம் வந்தது. மீட்டர்கள் போய்த் திரைகள். இனி ஒரு மேசை, ஒரு வேலை. ஆனால் ஒப்பந்தப்படி அந்த ஒரே ஆள் பாதி பராகுவே, பாதி பிரேசிலாக இருக்க வேண்டும். தாய் இங்கே, தகப்பன் அங்கே என்று பிறந்தவரைத் தேடச் சொன்னது இயக்குநர் குழு. ஓய்வூதியத்துக்குச் சில வருடமே பாக்கி இருக்கையில் இருவருக்கும் வேலை போகப் போகிறது.

"யோவ், ஒனக்குப் பொண்டாட்டி இருக்காளா?"

"ஓடிட்டா, தீத்தும் விட்டாச்சு. ஏன்?"

"என்னக் கட்டிக்க. சட்டப்படி ஒரே குடும்பம். பாதி நான், பாதி நீ."

அவன் தன் மாத்தே குவளையைப் பார்த்தான். "வீட்டுல வெந்நி குடிக்கலாமா?"

"வாசலுக்கு வெளிய."

பாதிரியார் கோட்டின் மேல் நின்றார், நாட்டுக்கொரு காலாக. விருந்தில் எங்கள் பக்கம் சீஸ் போட்ட சிப்பா ரொட்டி, அவர்கள் பக்கம் சீஸ் உருண்டை. இரண்டும் ஒரே மாவு. சொன்னால் போர் வரும்.

தம்பதியை ஒரே ஆளாகக் குழு ஏற்றது. கோட்டின் மேல் புது நாற்காலி போட்டார்கள். ஒரே ஆள் அதில் கொள்ளவில்லை. நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்னொரு நாற்காலி வந்தது. அதற்கு இடம் போதாமல் இன்னொரு மேசை. இரண்டுக்கும் நடுவே கோடு.

நவீனமயம் வெற்றிகரமாக முடிந்ததாக அறிவித்தார்கள்.

மாறியது ஒன்றுதான்: இப்போது ஞாயிற்றுக்கிழமையும் சண்டை. வீட்டு வரவேற்பறையில் அடிக்க எவுலாலியா என்னிடம் மஞ்சள் பெயிண்ட் கேட்டிருக்கிறாள்.