கறுப்புத் திரையில் இரண்டு சம்பந்திகள்

என் மருமகள் துணிப் பொம்மை தைக்கிறாள். அவள் தைத்த யானையைப் பார்த்தால் நிஜ யானை வெட்கப்பட்டுக் காட்டையே காலி செய்துவிடும். நான் மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் யானையிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவளுக்கு அன்று பதினொரு மணிக்கு இணையத்தில் பெரிய விற்பனை. பழைய மேனேஜர் வேறு திரும்பக் கூப்பிட்டிருந்தார். மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இன்னிக்குப் பொம்மை போகலைன்னா நான் ஆபீஸுக்கே போயிடறேன் மாமா," என்றாள், குரலை உயர்த்தாமல்.

கடையை நடத்தும் சர்வர் என்ற புரோகிராம் இருப்பது எங்கோ ஒரு கட்டடத்தில், வாடகை மெஷினில். அதற்கு மானிட்டரும் இல்லை, மௌஸும் இல்லை. வீட்டிலிருந்தே கறுப்புத் திரையில் கட்டளை எழுதினால் சர்வர் ஓடும்; நில் என்றால் நிற்கும். சர்வர்களை மேய்த்தே ரிட்டயர் ஆனவன் நான். அவள் அப்பாவும் அப்படியே. அதுதான் வினை.

சம்பந்திக்கு ஒரு வியாதி உண்டு. எது நடந்தாலும் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிடுவார். தும்மினால் ரீஸ்டார்ட், பக்கத்து வீட்டில் தும்மினாலும் ரீஸ்டார்ட். போன விற்பனையில் அவர் தயவால் கடை திறந்திருந்த நேரத்தைவிட மூடியிருந்த நேரமே அதிகம். அதனால் மருமகள் கறாராகச் சொல்லிவிட்டாள்:

"அப்பா, நீ கையே வைக்கக் கூடாது. மாமா மட்டும்தான்."

"நான் ஏம்மா தொடப்போறேன்? பேப்பர் படிக்கிறேன்," என்று லேப்டாப்பும் கையுமாக மேசையின் மறுமுனையில் போய் உட்கார்ந்தார்.

பதினொன்று ஆனது. கூட்டம் பாய்ந்தது. வருகிறவர்களை சர்வர் குறித்துவைக்கும் லாக் வரிகள் ஓடிய வேகத்தில் என் மூக்குக்கண்ணாடியே சூடாகிவிட்டது. பக்கங்கள் திறக்கத் திணறின. ஒரே சமயத்தில் எத்தனை பேரைக் கவனிக்கலாம் என்ற எண்ணை, சர்வருக்கான விதிகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் கூட்டினேன். எழுதியது சரியா என்று சர்வரையே கேட்டேன், சரி என்றது. இனி ரீலோட் போதும். வந்தவர்களை விரட்டாமலே புது எண்ணை எடுத்துக்கொள்ளும். தட்டினேன்.

சர்வரே ஓடவில்லை என்று பதில் வந்தது.

ஓடவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள் நுழையும் வாசலான எண்பதாம் போர்ட்டில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றது. பார்த்தால், நான் தொடங்காத ஒரு சர்வர்! அதைக் கொன்றேன். என்னுடையதைத் தொடங்குமுன் இன்னொன்று முளைத்தது. அதையும் கொன்றேன். மறுபடி முளைத்தது.

"மாமா, சைட் வருது, போகுது, வருது, போகுது," என்றாள் போனைப் பார்த்தபடி. "யாரோ கதவைப் பிடிச்சு ஆட்டுற மாதிரி இருக்கு."

மெஷினுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் என்றது. இரண்டு பேரும் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து, முழு அதிகாரத்தோடு. இருந்த பதற்றத்தில் அந்தக் கணக்கில் என்னைச் சேர்க்க மறந்துபோனேன்.

"யாரோ உள்ள பூந்துட்டான் சம்பந்தி! அதுவும் ரெண்டு பேரு!"

சம்பந்தி முகத்தை லேப்டாப்புக்குள் இன்னும் ஆழமாகப் புதைத்தார். "அப்படியா? யாரைத்தான் நம்புறது போங்க."

விடுவேனா? அந்த முகவரியிலிருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது என்று ஃபயர்வாலில் தடை எழுதினேன். என்டரைத் தட்டிய தட்டில் மேசையிலிருந்த டம்ளர்கள் எழுந்து நின்றன.

என் திரை உறைந்தது.

"ஐயோ, என்னுதும் நின்னுடுச்சே!" என்றார் சம்பந்தி.

மருமகள் மெல்லத் திரும்பினாள். "பேப்பர்தானே படிச்சே?"

"ஒரே ஒரு ரீஸ்டார்ட்தாம்மா..."

"ஒண்ணா? நான் கொன்னதே ஏழெட்டு இருக்கும்!" என்றேன்.

"நீங்க கொல்லக் கொல்ல நான்ல பொழைக்க வெச்சேன்? நியாயமா எனக்கு நீங்க மாலை போடணும்."

உலகத்தில் உள்ள மெஷின் முகவரியெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். எங்கள் வீட்டு வைஃபை எந்த முகவரியில் வெளியே போகிறது என்று மட்டும் இரண்டு பேருமே பார்த்ததில்லை. வீட்டையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தேன்.

மருமகளின் போனிலும் சைட் வரவில்லை. "போதும்," என்று எழுந்தாள். மேனேஜரின் எண்ணைத் தேடினாள்.

போன் டிங் என்றது. ஆர்டர் வந்திருப்பதாக மெயில். யானை போய்விட்டது. இன்னொரு டிங், கரடிக் குடும்பம் மொத்தமாகப் போயிற்று. அப்புறம் டிங்குக்கும் டிங்குக்கும் நடுவே மூச்சுவிடவும் இடமில்லை. அவள் வைஃபையை அணைத்துவிட்டு போன் டேட்டாவில் பார்த்தாள். கடை கண்சிமிட்டும் முன்னே திறந்தது. சம்பந்தியின் கடைசி ரீஸ்டார்ட், நான் கோப்பில் கூட்டிவைத்த எண்ணை எடுத்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு தொட ஆளில்லை.

"அப்போ நம்ம வீட்டுக்கு மட்டும்தான் வராது. ஊருக்கெல்லாம் ஜோரா ஓடுது," என்றாள்.

"என் போன் வழியா உள்ள போய் ஒரு நொடியில தடையை எடுத்துடறேன்," என்று சட்டைப்பையில் கை வைத்தேன். சம்பந்தியும் வைத்தார்.

"ரெண்டு பேரும் போனை இப்படிக் குடுங்க."

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டு..."

"அப்பா!"

இரண்டையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"இல்ல சார், வரலை. நல்லா யோசிச்சாச்சு." அவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "ஆள் இருக்காங்க சார், ரெண்டு பேர். அனுபவசாலிங்கதான்."

பேசிக்கொண்டே காலி அட்டைப்பெட்டிகளைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினாள்.