கடைக்குப் போன குரல்

சாராயக் கடைகளை மறுபடி திறந்த எண்பத்தொன்றாம் வருஷம், சாலவாக்கத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரின் ஏரிக்கரையிலும் ஒரு கடை வந்தது. கடை திறக்கும் முன்பே அதன் விளம்பரம் வந்தது.

சிட்டம்மாள் அன்று சொர்ணவாரிப் பருவ நடவில் இருந்தாள். சேற்றில் குனிந்து நாற்றை ஊன்றிக்கொண்டிருந்தபோது காலனிப் பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வயல்மேல் வந்தது. முதலில் மேளம், அப்புறம் ஓர் ஆண்குரல், அப்புறம் ஒரு குழந்தையின் குரல். பக்கத்து வரிசையில் நட்டுக்கொண்டிருந்த செங்கேணி நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏய் சிட்டம்மா, உம் பொண்ணு கொரலுடி! அம்முலு மைக்ல பேசறா!"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிட்டம்மாளுக்கும் ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது உண்மை. அம்முலுவுக்குக் கணீரென்ற குரல். பள்ளிக்கூடத்தில் தினமும் கடவுள் வாழ்த்து பாடுகிறவள் அவள்தான். அந்தப் பெருமை அடங்குவதற்குள் காற்று இந்தப் பக்கம் திரும்பி, வார்த்தைகள் தெளிந்துவிட்டன.

"மாமா வாங்க, அண்ணா வாங்க! ஒழைச்ச ஒடம்பு வலிக்குதா? ஏரிக்கரை கடைக்கு வாங்க! நைனா, நீயும் வா!"

கையிலிருந்த நாற்றுமுடியைப் போட்டது போட்டபடி சிட்டம்மாள் வரப்பேறி ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் வேன் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. காலனிப் பிள்ளைகள் எல்லாம் கடைப் பெயர் அச்சடித்த காகிதத் தொப்பியும் வாய் நிறைய மிட்டாயுமாகத் தெருவில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அம்முலு ஓடி வந்து அவள் சேற்றுக் காலைக் கட்டிக்கொண்டாள்.

"யம்மா, என் கொரல டேப்புல புடிச்சிக்கினாங்க! திருப்பிப் போட்டும் காட்டனாங்க. நானே உள்ள குந்திக்கினு பேசற மாரி கீது!"

"யார்றீ உனக்கு அத்தச் சொல்லிக் குடுத்தது?"

"வேதகிரி ஐயாதான். கடைசீல நைனான்னு நானே சேத்துக்கினேன். நைனா கொல்லையில இருந்துச்சில்ல? நான் பேசறத வந்து பாக்கட்டும்னு கூப்ட்டேன்."

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. சிட்டம்மாள் தொப்பியை மட்டும் பிடுங்கி அடுப்பில் போட்டாள். எதற்கு என்று புரியாமல் அம்முலு அழுதாள்.

அம்முலு பிறந்த வருஷம்தான் முதல் தடவை கடைகள் திறந்திருந்தன. அப்போது அவள் அப்பன் எல்லப்பன் குடித்த குடியில் வீட்டில் பித்தளை என்று பெயர் சொல்ல ஒரு சொம்புகூட மிஞ்சவில்லை. கைக்குழந்தையோடு அடிபட்ட முகத்தோடு சிட்டம்மாள் மாகறலில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு கடைகளை மூடினார்கள். கை நடுங்கி, கண்டபடி உளறி, செத்துப் பிழைத்த எல்லப்பன் ஒரு நாள் செய்யாற்று மணலில் நடந்தே வந்து மாகறலில் நின்றான். வேற்று ஆளிடம் போகாத குழந்தை அவனிடம் போய் மடியில் உட்கார்ந்துகொண்டது. அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பிய பிறகு அவன் குடியைத் தொடவில்லை. திருட்டுச் சாராயம் எங்கே கிடைக்கும் என்று ஊருக்கே தெரிந்திருந்தும் அவன் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் அவன் மனசு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் யார் வாயாவது நாறினால் எழுந்து வெளியே வந்துவிடுவான்.

கடை திறந்த நாளிலிருந்து, பொழுது சாயும் நேரத்தில், பக்கத்து மோட்டார் கொட்டகையிலிருந்து மின்சாரம் இழுத்துப் புளியமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் அம்முலுவின் குரலைப் போட்டார்கள். வேலை விட்டு ஆண்கள் வீடு திரும்பும் நேரம் அது. எல்லப்பன் ஏரிக்கரையை விட்டுவிட்டு வரப்பு சுற்றி வரத் தொடங்கினான். வந்தால் முகம் வெளுத்திருக்கும்.

"எந்தப் பக்கம் சுத்திக்கினு வந்தாலும் காதுல உழுது சிட்டம்மா," என்றான் ஒரு நாள். "வேற யாராவது கூப்ட்டா தூன்னு துப்பிட்டு வந்துடுவேன். இது நம்ம பொண்ணு கூப்புடுதே."

மறுநாள் சிட்டம்மாள் கடைக்குப் போனாள். ஏலம் எடுத்த வெளியூர்க்காரருக்காகக் கடையைப் பார்த்துக்கொண்ட உள்ளூர்க்காரர் வேதகிரி. அவர் கெட்டவர் என்று ஊரில் பெயர் இல்லை.

"ஐயா, என் பொண்ணு கொரல எடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

"இன்னா சிட்டம்மா, ஊரே மெச்சுது, நீ வந்து கண்ண கசக்கற? நான் அதுங் கையில கிளாஸயா குடுத்தேன்? ரெண்டு வார்த்த பேசுச்சி. அதுல இன்னா பேஜாரு?"

"எங்க வூட்டுக்காரர அது கூப்புடுதுங்க."

வேதகிரி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இன்னா பண்றது சொல்லு," என்றார். "கொழந்த கூப்ட்டா ஆம்பளைங்களுக்குக் கூச்சம் போயிடுது. ஏலம் எடுத்தவரு கேட்டுட்டு, எல்லாக் கடையிலயும் இதுதான் ஓடணும்னுட்டாரு."

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அவள் ஞானசுந்தரி டீச்சரிடம் போய் நின்றாள். டீச்சருக்கும் அது தினசரி வேதனையாகத்தான் இருந்தது. காலையில் அம்முலு கடவுள் வாழ்த்து தொடங்கினால் பின்வரிசைப் பையன்கள், "நைனா, நீயும் வா!" என்று முடித்து வைத்தார்கள். அம்முலு பாதியில் நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்த்தாள். டீச்சர் வேறு பெண்ணைப் பாட வைத்தாள்.

இருவரும் உத்திரமேரூருக்குப் பஸ் ஏறி ஓர் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் உட்காரச் சொல்லிப் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சின்னப் பசங்களுக்கு வித்தாங்கன்னா சொல்லுங்கம்மா, கேஸ் போடலாம். சின்னப் பசங்க கொரல்ல விளம்பரம் வரக்கூடாதுன்னு எந்த ரூல்ல கீது?"

"சார், என் கிளாஸ்ல அ, ஆ தெரியாத பசங்களுக்குக் கடை வாசகம் மனப்பாடமா தெரியுது," என்றாள் டீச்சர்.

"நீங்க பாடத்தையும் அதே மாதிரி மனப்பாடம் பண்ண வைங்க," என்று அவர் சிரித்தார். டீச்சர் எழுந்துவிட்டாள்.

பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது பழையசீவரம் பக்கம் போகிற வேன் ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. அதன் கூரைமேல் இருந்த குழாயில் அம்முலு மாமாக்களையும் அண்ணன்களையும் கூப்பிட்டுக்கொண்டு போனாள். பாலாற்றங்கரை ஊர்களில் அவள் யார் என்று யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சிட்டம்மாள் சாலையோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். டீச்சர் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

ஆடியில் ஒரு நாள் எல்லப்பன் வீட்டுக்கு வரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்முலுவுக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று எழுந்து ஏரிக்கரைப் பக்கம் ஓடினாள். சிட்டம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

கடைக்கு முன்னால் ஆண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நடுவில் எல்லப்பன். கையில் கிளாஸ். அம்முலு அவனுக்கு எதிரில் போய் நின்றாள்.

"நைனா, வா. வூட்டுக்குப் போவலாம்."

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே குழாய் சொன்னது: "நைனா, நீயும் வா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருவன், "மேலயும் கூப்புடறா, கீழயும் கூப்புடறா. எந்தப் பொண்ணு பேச்ச கேப்ப எல்லப்பா?" என்றான். இன்னொருவன் அம்முலுவைப் பார்த்து, "எங்க, நேர்ல ஒரு தபா சொல்லும்மா. 'மாமா வாங்க' சொல்லு," என்றான்.

அம்முலு அப்பனை மட்டும் பார்த்தாள். "நைனா, வா நைனா," என்று மறுபடி சொன்னாள். குழாயும் மறுபடி சொன்னது. எல்லப்பன் எழப் பார்த்தான். கால் நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே கிளாஸைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், பிறகு கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

சிட்டம்மாள் மரத்தடிக்குப் போய்க் கம்பியைப் பிடித்து இழுத்து அறுத்தாள். குழாய் அடங்கியது. யாரோ அவளைத் தள்ளினார்கள். விழுந்து எழுந்து, பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டு அவள் கரை இறங்குவதற்குள்ளேயே வேதகிரியின் ஆள் கம்பியை முறுக்கிச் சேர்த்துவிட்டான். வீடு வரை அந்தக் குரல் அவர்களோடு வந்தது.

அன்றிலிருந்து அம்முலு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். முதலில் பள்ளிக்கூடத்தில், அப்புறம் தெருவில், அப்புறம் வீட்டில். தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டினாள். டீச்சர் வீட்டுக்கே வந்து எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். காஞ்சிபுரத்து டாக்டர், தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு அம்மாவோடு களை பறிக்க வந்தாள்.

எல்லப்பனுக்கு விடியும்போது மட்டும் புத்தி தெளிவாக இருந்தது. அப்போதெல்லாம் மகள் முன்னால் உட்கார்ந்து அழுவான். "ஒரு தபா நைனான்னு சொல்லும்மா. இன்னிக்குப் போவ மாட்டேன், சத்தியமா." அம்முலு உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள்.

அப்படி ஒரு காலையில் சிட்டம்மாள் பொறுக்க மாட்டாமல், "இவ்ளோ அழுவறியே, சாயங்காலம் ஆனா எதுக்குய்யா அங்க ஓடற?" என்று கேட்டாள்.

"வூட்ல பேச மாட்டேங்கறாளே," என்றான் அவன். "அங்க போனாதான நைனான்னு கூப்புடறா."

சிட்டம்மாள் எழுந்தாள். கூழைக் கரைத்து அவன் முன் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பொங்கலுக்கு முன்னால் வேன் மறுபடி வந்தது. பழைய டேப் தேய்ந்துவிட்டதாம், புதுக் குரல் வேண்டுமாம். மைக்குக்கு முன்னால் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். சிட்டம்மாள் கையை விரித்துக் குறுக்கே நின்றாள். "வாணாம் கண்ணுங்களா, வூட்டுக்குப் போங்க," என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள். செங்கேணி தன் கடைசிப் பெண்ணுக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தள்ளிக்க சிட்டம்மா. உம் பொண்ணு பேசனா இல்ல? எம் பொண்ணும் ஒரு தபா பேசட்டுமே."

சிட்டம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் பொறாமையோ கெட்ட எண்ணமோ இல்லை, பெற்றவளின் ஆசைதான் இருந்தது. விரித்த கைகள் தானாகத் தாழ்ந்தன. வேதகிரி மைக்கைக் குழந்தையின் உயரத்துக்கு இறக்கி வைத்து, முதல் வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார்.