மாடு முட்டியதற்கான எண்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்கியது. அன்னவாசலில் இருந்து புதுக்கோட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண் மடியில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். எட்டிப் பார்த்தேன். வாத்து தாக்கினால் ஓர் எண், ஆமை தாக்கினால் ஓர் எண்.

"ஆமை எப்படிம்மா தாக்கும்?"

"அது எங்க வேலை இல்ல சார். டாக்டர் ஆமைன்னு எழுதுனா நாங்க நம்பர் போடுவோம்."

மெடிக்கல் கோடிங் படிக்கிறாளாம். நோயையும் காயத்தையும் எண்ணாக மாற்றும் படிப்பு. அவள் இறங்கிப் போய்விட்டாள். மீதி எல்லாம் என் புளுகு.

2

முதல் தொடக்கம்: கதிரவன் கிழக்கே உதித்தபோது இசைவாணி...

வேண்டாம். மேற்கே உதித்திருந்தால் சொல்லலாம்.

இரண்டாவது: வறுமையில் வாடிய இசைவாணி கண்ணீர் மல்க...

அடச்சே. அவள் அழுமூஞ்சி இல்லை.

மூன்றாவது தேறும். வல்லத்திராக்கோட்டை இசைவாணி, கடைசி வருடப் பயிற்சிக்காகப் புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் அவளை டாக்டர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம், "நம்பர் வேணா சொல்றேன், மாத்திரை தெரியாது" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. (அதற்கும் ஓர் எண் இருக்கும்.)

புதன்கிழமை அவள் மேசைக்கு வந்த ஃபைலில் அவளுடைய அண்ணன் பெயர் இருந்தது.

3

மதுரைவீரன். [பெயர் கொஞ்சம் ஓவர்தான். மாற்றிப் பார்த்தேன், ஆள் சுருங்கிப் போனான்.] ஞாயிற்றுக்கிழமையில் இருந்து அதே ஆஸ்பத்திரியின் மாடியில் படுத்திருக்கிறான். டாக்டர் எழுதியிருந்தது இதுதான்: பைக்கில் இருந்து விழுந்தார். பிரேக் லீவர் தொடையில் குத்தியது. தையல் போடப்பட்டது. இன்று காய்ச்சல் நூற்றிரண்டு.

காலையில்தான் அண்ணனின் கூட்டாளி அவளுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஜல்லிக்கட்டு. அதில் அண்ணன் ஆகாயத்தில் இருந்தான். கீழே ஒரு மயிலைக்காளை நின்றது. பைக் எங்கும் இல்லை.

மாடிக்கு ஓடினாள்.

"மெதுவாப் பேசு ஆத்தா. ஒங்கண்ணி டீ வாங்கப் போயிருக்கா. தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது" என்றான் வீரன்.

அண்ணி புவனேஸ்வரி பொங்கலன்றே சொல்லிவிட்டாள்: இன்னொரு தடவை மாடு பிடிக்கப் போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறந்தாங்கிக்கு, அம்மா வீட்டுக்கு. சொன்னால் செய்கிறவள்.

"டாக்டருட்டயாவது சொல்லுண்ணே. கொம்பு குத்துனா மண்ணு, சாணி எல்லாம் உள்ள போயிருக்கும். அது தெரியாம மூடித் தைச்சிருக்காங்க. காலு என்னத்துக்கு ஆகும்?"

"டாக்டர் வாரப்பல்லாம் அவ பக்கத்துலயே நிக்கிறா. நீ கம்முனு போயி பைக்கு நம்பரைப் போடு."

4

இங்கே கட்டுரை போல ஒரு பத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபைலில் இல்லாததைக் கோடர், அதாவது எண் போடுகிறவர், எழுதக் கூடாது. சந்தேகம் என்றால் டாக்டருக்குக் கேள்விச்சீட்டு அனுப்பலாம். அதிலும் பதிலை ஊட்டிவிடக் கூடாது. 'மாடு முட்டியதா?' என்று கேட்டால் தப்பு. 'காயம் ஏற்பட்ட விதத்தைத் தெளிவுபடுத்தவும்' என்பதுதான் முறை. கல்லூரியில் ஆரோக்கியதாஸ் சார் தினமும் சொல்வார்: "நீங்க கதை எழுதுற ஆளு இல்ல." (எனக்குச் சுருக்கென்றது.)

இசைவாணி முறைப்படி சீட்டு அனுப்பினாள். முறைப்படி பதில் வந்தது: பைக் விபத்து, ஏற்கெனவே எழுதியுள்ளேன். காய்ச்சல் நூற்று மூன்று ஆகியிருந்தது.

(அந்தப் புத்தகத்தில் காளைக்குத் தனி எண் கிடையாது. பசுவோடு சேர்த்து ஒன்றுதான். எங்கள் மாட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் கொளுத்திவிடுவார்கள்.)

5

முடிவு ஒன்று: அண்ணி மனம் திருந்தி, வீரனின் நெற்றியில் திலகமிட்டு...

த்தூ.

முடிவு இரண்டு: இசைவாணி எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறாள். கால் பிழைக்கிறது. அண்ணி அறந்தாங்கி பஸ்ஸில் ஏறுகிறாள், பிள்ளை ஜன்னல் வழியாக...

மனசு கேட்கவில்லை, நிறுத்திவிட்டேன்.

முடிவு மூன்று: அவள் கம்மென்று இருந்துவிடுகிறாள். அதை முழுசாக எழுதினேன், கிழித்தும் விட்டேன். கால் எடுக்கப்பட்டவர்களுக்கும் ஓர் எண் இருக்கிறது. இசைவாணிக்கு அது மனப்பாடம். தன் அண்ணனுக்கு அதை அவள் கையாலேயே போட வைக்க எனக்குத் தெம்பில்லை.

6

அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. கழுத்தில் கிடந்த பயிற்சி அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள். கட்டிலருகே டாக்டர் நின்றார். அண்ணி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"கேள்விச்சீட்டுல கேட்டா ஃபைலைப் பார்த்துப் பதில் வருது. அதான் தங்கச்சியாக் கேக்குறேன். அண்ணே, காயம் எப்டி ஆச்சு?"

பதிலை ஊட்டவில்லை. ஆரோக்கியதாஸ் சார் நூற்றுக்கு நூறு போடுவார்.

"அதான் பைக்குல விழுந்தாருன்னு..." என்று ஆரம்பித்த அண்ணி, புருஷன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். கரண்டி அப்படியே நின்றது. மதுரைவீரன் வாயைத் திறந்தான்.

நான் பேனாவைக் கீழே வைக்கிறேன். 'மாடு' என்ற சொல்லை அவன் வாயில் வைக்க எனக்கு அரை நொடி போதும். ஆனால் அது ஊட்டிவிடுவது. நீங்கள் அவனை இவ்வளவு நேரம் பார்த்தீர்கள், நீங்களே நிரப்புங்கள்.

காயம் ஏற்பட்ட விதம்: ......................

சீக்கிரம் எழுதுங்கள். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகரப் போகிறார்.