முசுறு தைத்த இலை

ஹில்டா அந்த வாரத்தில் இரண்டாவது முறையாகப் பருப்பைத் தீய்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, கருகுற வாசன வருது?" என்று பின்வீட்டிலிருந்து காந்திமதி குரல் கொடுத்த பிறகுதான் அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

கிழக்குத் தாம்பரத்தில் அது ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு குடித்தனம். முன்பகுதியில் ஹில்டா, அவள் கணவர் வேதசிரோமணி, நான்கு பிள்ளைகள். பின்பகுதியில் ரயில்வே ஷெட்டில் வேலை பார்ப்பவரின் மனைவி காந்திமதி. கிணறும் ஆட்டுக்கல்லும் கிணற்றடி மாமரமும் இரண்டு வீட்டுக்கும் பொது.

வேதசிரோமணி கல்லூரி நூலகத்தில் கிளார்க். பைண்டிங்குக்குப் போய்வந்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். எறும்புகளைப் பற்றியது. மூன்று வாரத்தில் திருப்பித் தரவேண்டும். அவருக்கே அதைப் படிக்கும் எண்ணம் இல்லை. அட்டை அழகாக இருந்ததாம்.

ஹில்டா டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் முழுசாகப் படித்த புத்தகம் ஒன்றுகூட இல்லை. காலை ஜெபத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பாள், அதுவும் கடைக்குட்டியின் வாயில் இட்லியைத் திணித்துக்கொண்டே. பருப்பு வேகும் நேரத்தில் படம் பார்க்கலாமே என்றுதான் எறும்புப் புத்தகத்தைத் திறந்தாள். ஓர் எறும்பு தன் வாயில் ஒரு வெள்ளைப் புழுவைக் கவ்விக்கொண்டு இரண்டு இலைகளின் ஓரத்தில் நிற்கிற படம். அதன் கீழே எழுதியிருந்ததைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். பருப்பு தீய்ந்தது.

"அப்படி இன்னா கீது அதுல?" என்று கேட்டபடி காந்திமதி உளுந்தோடு ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தாள். "என்கிட்டயும் சொல்லேன். நான் ஆட்டிகினே கேக்கறேன். உன் அரிசியையும் எடுத்தா, சேத்து ஆட்டிடறேன்."

"சே, என் வேலைய நீ ஏன் செய்யணும்?"

"எனக்குப் படிக்கத் தெரியாது, ஒனக்கு நேரம் இல்ல. ரெண்டும் சரியாப் போச்சு, படி."

ஹில்டா வெட்கத்தோடு கிணற்று மேடையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தைப் பார்த்து மெதுவாகத் தமிழில் சொன்னாள். "முசுறு இலையெல்லாம் சேத்துக் கூடு கட்டுதில்ல? அதத் தைக்கிற நூல் பெரிய எறும்புகிட்ட கிடையாதாம். அதோட குஞ்சு, அந்த வெள்ளப் புழு வாயிலதான் நூல் வருதாம். அதத் தூக்கிட்டு வந்து, இந்த இலையில ஒரு தொடு, அந்த இலையில ஒரு தொடு. அப்படித்தான் தைக்குதாம்."

ஆட்டுக்கல் நின்றது.

"கொயந்தய வெச்சித் தைக்குதா? புருடா விடாதக்கா. ஏழு வருஷமா அந்த மரத்துக்குக் கீயதான் துணி தொவைக்கறேன். கடிக்கும், அவ்ளோதான் தெரியும்."

இருவரும் ஒரே சமயத்தில் மரத்தைப் பார்த்தார்கள். தாழ்ந்த கிளையில் பந்துபோல ஒரு முசுற்றுக்கூடு தொங்கியது.

மறுநாள் பதினோரு மணிக்குக் காந்திமதி ஒரு குச்சியால் கூட்டின் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்தாள். எறும்புகள் குபுகுபுவென்று வெளியே வந்தன. இருவருக்கும் நல்ல கடி. பிறகு சில எறும்புகள் ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துச் சங்கிலிபோல நீண்டு, பிரிந்த இலையை இழுக்கத் தொடங்கின. அதற்குள் கைக்குழந்தை அழுதது. வேதசிரோமணி சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். ஹில்டா திரும்ப வந்தபோது மாலை. கிழிசல் மூடியிருந்தது, அதன்மேல் வெள்ளைத் துணிபோல மெல்லிய படலம்.

"யார் தைச்சது? நீ பாத்தியா?"

"எங்க பாக்க? ரேஷன் கடைக்குப் போயிட்டேன்."

இன்னும் இரண்டு தடவை முயன்றார்கள். ஒருநாள் மழை. இன்னொரு நாள் மூத்தவனுக்குக் காய்ச்சல். இலை ஓரங்கள் நெருங்கி வந்த பிறகே குஞ்சுகளைக் கொண்டுவரும் என்று புத்தகத்தில் இருந்தது. அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் போட்டிருக்கவில்லை.

"ஒனக்கு சேந்தாப்பல ரெண்டு மணி நேரம் எப்பதான் கெடைக்கும்?" என்றாள் காந்திமதி.

ஹில்டா யோசித்துப் பார்த்தாள். அப்படி ஒரு நேரம் அவளுடைய வாரத்தில் இல்லை.

"சரி வுடு. நான் காவல் இருக்கேன். கொண்டாந்தா கூப்புடறேன்."

புதன்கிழமை மதியம் காந்திமதி கூட்டை மறுபடி கிழித்துவிட்டுக் காவல் இருந்தாள். மூன்று மணிக்கு ஹில்டா வீட்டில் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கம். எட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி தபீதாள் அம்மா, முப்பது வருஷம் வேதம் போதிக்கும் பைபிள் உமனாக ஊர் ஊராகப் போனவர். ஜெபத்தின் நடுவே யாராவது இருமினால்கூடக் கண்ணைத் திறந்து பார்ப்பார். அன்று ஜெபம் ஹில்டாவின் முறை. அவள் வியாதியஸ்தர்களுக்காக மன்றாடிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் காந்திமதியின் முகம் தெரிந்தது.

"யக்கா! ஓடியா! கெணத்தாண்ட கொயந்த! கொயந்த!"

எட்டுப் பெண்களும் அலறியடித்து எழுந்தார்கள். தபீதாள் அம்மா செருப்பில்லாமல் எல்லோருக்கும் முன்னால் ஓடி, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்கடி குழந்த? கயிறு எங்க? யாராவது கயிறு கொண்டாங்க!"

"உள்ள இல்லம்மா, மேல," என்று காந்திமதி கிளையைக் காட்டினாள்.

ஹில்டா தபீதாள் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, இலையைப் பார்த்தாள். பார்த்தவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். ஓர் எறும்பின் வாயில் அரிசிக் குருணைபோல வெள்ளையாக ஒரு குஞ்சு. அதன் தலையை இந்த ஓரத்தில் மெல்ல ஒற்றியது. அப்படியே கொண்டுபோய் அந்த ஓரத்தில் ஒற்றியது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. வெயிலில் நூல் ஒரு கணம் மின்னியது.

"நெஜம்," என்றாள் ஹில்டா. "காந்திமதி, அத்தனையும் நெஜம்."

"என்ன நெஜம்?" தபீதாள் அம்மாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. ஹில்டா திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள். தபீதாள் அம்மா ஹில்டாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டார். சரியாகத் தெரியவில்லை. முக்காலி கொண்டுவரச் சொல்லி, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அதில் ஏறி நின்றார். வெகுநேரம் இறங்கவில்லை.

"அந்தக் குஞ்சுக்கு வலிக்காதா?" என்று மேலிருந்தே கேட்டார்.

"தெரியலம்மா. நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரல."

"ஏன் வரல?"

ஹில்டாவுக்கு முந்திக்கொண்டு காந்திமதி சொன்னாள்: "எங்க வரும்? அடுப்பாண்ட நின்னுகினு அர பக்கம், தொட்டிலாண்ட அர பக்கம்."

தபீதாள் அம்மா இறங்கினார். பாதத்தில் ஒரு முசுறு கடித்திருந்தது. குனிந்து அதைத் தட்டிவிட்டார்.

"சங்கத்துக்கு நீ டீயும் சுண்டலும் போடறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

"ஒரு ஒண்ணே கால் மணி நேரம் ஆகும்மா."

"இனிமே யாரு வீட்டுலயும் டீ வேண்டாம். குடிச்சிட்டு வாங்க. அந்த நேரத்துல நீ படி. அடுத்த புதன்கிழமை எனக்குப் பதில் சொல்லணும்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "ஜெபம் பாதியில நிக்குது," என்றார்.

ஹில்டா படித்தாள். பருப்பு நேரத்தில் அல்ல. கதவைச் சாத்திவிட்டு, உட்கார்ந்து படித்தாள். வலிக்குமா என்று புத்தகத்தை எழுதியவர் சொல்லவே இல்லை. வேறொன்று சொல்லியிருந்தார். மற்ற எறும்புகள் பலவற்றில் குஞ்சு தன் நூலால் தனக்கு உறை பின்னிக்கொள்ளும். முசுற்றுக்குஞ்சு எல்லா நூலையும் கூட்டுக்கே கொடுத்துவிடுவதால் தனக்கு உறை பின்னுவதில்லை.

"தனக்குன்னு ஒண்ணும் வெச்சிக்காதா?" என்று காந்திமதி நம்பாமல் கேட்டாள்.

"வெச்சிக்காதாம்."

"அப்பறம் எப்படிப் பொயைக்குது?"

புத்தகத்தில் அதைப் பற்றி அந்த ஒரே வரிதான் இருந்தது. அடுத்த புதன்கிழமை ஹில்டா சொன்ன பதிலில் தபீதாள் அம்மா திருப்தி அடையவில்லை. ஹில்டாவும்தான்.

புத்தகம் திரும்பவேண்டிய நாளில், "குடு, நான் எடுத்துட்டுப் போறேன்," என்று வேதசிரோமணி கையை நீட்டினார்.

"வேண்டாங்க. நானே கொண்டுவந்து குடுக்கறேன்."

அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

கைக்குழந்தையைக் காந்திமதியிடம் விட்டுவிட்டு, பதினோரு மணிக்கு ஹில்டா ரயில் பாதையைத் தாண்டிக் கல்லூரிக்கு நடந்தாள். கணவர் வேலை செய்யும் இடத்தை அவள் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. உயரமான ஜன்னல்கள். அலமாரிகள் வரிசை வரிசையாக இருட்டுக்குள் போயின. வேதசிரோமணி புத்தகத்தை வாங்கி முத்திரை குத்தினார். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"வேற ஏதாவது வேணுமா? பேரச் சொல்லு, எடுத்துத் தரேன்."

"பேர் தெரியாது," என்றாள் ஹில்டா. "உள்ள போய்ப் பாக்கலாமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கவுண்டரின் குட்டைக் கதவைத் தூக்கிப் பிடித்தார்.