நிற்க வேண்டிய வண்டி

இன்ஜின் அத்தனை அழகாக ஓடியதுதான் மெக்கானிக் வீரமுத்துவைப் பயமுறுத்தியது. ரப்பர் ஷீட் அடிக்கும் ஸ்டோரை ஒட்டிய கொட்டகையில், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் பானட்டைத் திறந்துபோட்டுக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. நான்கு சிலிண்டர், ஆயிரத்து இருநூற்றைம்பது சிசி, இரட்டைக் கார்புரேட்டர். இரண்டும் சமமாகக் காற்றை இழுக்கின்றனவா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டான். இழுத்தன. இன்ஜினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். பொரித்த அப்பளத்தின் நிறத்தில், எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே இருந்தது. பாயின்ட் சரி, வால்வு இடைவெளி சரி, ஆயில் சரி. வேறு நாளாக இருந்தால் மீசையை முறுக்கிக்கொண்டிருப்பான். இன்றைக்கு ஏதாவது ஒன்று உடைந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

முந்தின நாள் காலையில் துரை இதே காரில், பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிளை உட்காரவைத்துக்கொண்டு, லுக்குட் டவுனுக்குக் கிளம்பினார். புக்கிட் பெலண்டோக் ஊரைத் தாண்டியதும் வரும் வளைவில் இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. நிற்பதற்கு அதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை? போன மாதம் காட்டுக்காரர்கள், காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனை எதிர்க்கும் கம்யூனிஸ்டுகள், பக்கத்து எஸ்டேட் லோரியைக் கொளுத்திய வளைவு அது. துரையும் கான்ஸ்டபிளும் ரோட்டோரக் கான் பள்ளத்தில் குப்புறப் படுத்துக்கிடந்தார்கள். காட்டிலிருந்து யாரும் வரவில்லை. ரோந்து வண்டி வந்து கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கொட்டகைக்கு வந்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முதல் அழுத்தலிலேயே பிடித்துக்கொண்டது.

அதைத்தான் விசாரிக்க வந்திருந்த மலாய் போலீஸ் இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார். பழுதில்லாத கார் சரியாக அந்த வளைவில் எப்படி நிற்கும்? கடைசியாக இன்ஜினைத் தொட்டவன் யார்? தொட்டவன் வீரமுத்து. ஆயுத பூஜைக்கு முதல் நாள் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டியது அவன்தான். காட்டுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று, இதைவிடச் சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் இரண்டு பேரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருவன் தடுப்புக் காவலில் இருந்தான். இன்னொருவனை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அவன் இங்கே பிறந்தவன், அங்கே அவனுக்கு ஒரு நாதியும் கிடையாது. வீரமுத்துவும் இங்கே பிறந்தவன்தான்.

"நீ நல்லா பண்றே, எனக்குத் தெரியும்," என்றார் துரை, தோட்டத்தில் பழகிய அரைகுறைத் தமிழில். "ஆனா ஏன் நின்னுச்சு? இன்ஸ்பெக்டருக்கு அது வேணும்."

"தொரெ, நின்னுக்கிட்டே ஓடுனா ஒன்னும் தெரியாது. ஓட்டிப் பாக்கணும்லா."

துரை அதை மலாயில் சொன்னதும் இன்ஸ்பெக்டர் யோசித்தார். முள்வேலிக்கு உள்ளேயே, துரை ஓட்டுவதாக இருந்தால் சரி என்றார். வீரமுத்து துரையின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். அந்த சீட்டில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தோல் உறையில் தன் எண்ணெய் முழுக்கால்சட்டை படாமல் இருக்க முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். ஜெயிலுக்குப் போகப்போகிறவனுக்கு சீட்டுக் கவலை.

ஸ்டோரைச் சுற்றி, லயங்களைச் சுற்றி, ரப்பர் பால் நிறுக்கும் இடத்தைச் சுற்றி மண்ரோட்டில் வண்டி பறந்தது. பால்வெட்டு முடிந்து வந்த பெண்கள் பால் வாளியோடு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். முதல் சுற்றில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. இந்த இன்ஜின் ஓடவேண்டும் என்று எத்தனையோ காலை அவன் மாரியம்மாவைக் கும்பிட்டிருக்கிறான். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "நின்னுரு தாயி, நின்னுரு," என்று அவளையே கெஞ்சிக்கொண்டிருந்தான். துரை ஓரக்கண்ணால் பார்த்தார். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, கியரைக் குறைத்து இன்னும் வேகமாக மிதித்தார்.

பல சுற்றுக்கு அப்புறம், ஸ்டோருக்குப் பின்னால் ஏறும் மேட்டில், வண்டி இருமியது. மறுபடி இருமியது. நின்றது.

வீரமுத்துவுக்கு துரையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. குதித்து இறங்கி கார்புரேட்டர் மூடியைத் தூக்கினான். உள்ளே காய்ந்து கிடந்தது. அப்படியானால் பெட்ரோல் வரவில்லை. டேங்கிலோ பாதிக்கு மேல் இருந்தது. பம்பு மட்டும் களைத்துப்போய், எப்போதோ ஒரு தடவை டிக் என்றது. அவன் பின்பக்கம் ஓடி டேங்க் மூடியின் நெம்புகோலை அமுக்கினான். மூடி திறக்க மறுத்தது. இன்னும் அழுத்தி இழுத்தபோது, முங்கி எழுந்தவன் மூச்சு வாங்குவதுபோல டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த நொடியே முன்னால் பம்பு தடதடவென்று அடித்துப் பெட்ரோலை இழுக்கத் தொடங்கியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போகவேண்டும். அதற்காக மூடியில் ஊசித் துளை ஒன்று உண்டு. அதன்மேல் கெட்டியாக, நடுவில் குங்குமத்தோடு, சந்தனம் காய்ந்து பாறையாக உட்கார்ந்திருந்தது. வண்டி சும்மா நின்றால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், அதனால்தான் கொட்டகையில் அது சமர்த்தாக ஓடியிருந்தது.

வைத்தவன் அவன்தான். இந்த வருஷம்தான் துரையின் கார் பூஜைக்கு வந்திருந்தது. "வாயிலயும் ஒரு பொட்டு வைங்க, அதானே எல்லாத்தையும் குடிக்குது," என்று கிண்ணத்தை நீட்டியவள் அவன் பெண்சாதி தாயம்மா. ஸ்டோர் லோரிக்கும் வருஷா வருஷம் அதே இடத்தில்தான் வைப்பான். லோரியின் மூடி தொலைந்துபோய்க் கந்தல் துணிதான் அடைத்திருந்தது, ஆகவே அதற்கு ஒரு கேடும் வந்ததில்லை.

கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும், தூசி என்று சொல்லிவிடலாம். அவன் விரல் மூடிவரைக்கும் போனது. ஆனால் தூசி என்றால் இன்ஸ்பெக்டர் நம்பமாட்டார். நம்பக்கூடியது ஒன்றுதான் இருந்தது, அதில் அவன் பெயர் இருந்தது.

"தொரெ, இது நான் வச்ச சந்தனம். காத்து போற ஓட்டைய அடைச்சிருச்சு. வேணும்னு செய்யல தொரெ."

துரை மூடியைக் கையில் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க, காரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "நானும் பாத்தேன். அழகா இருக்குன்னு விட்டுட்டேன். பக்கத்து கிளப்பிலே எல்லாருக்கும் காட்டினேன்," என்றார்.

வண்டி நின்றதைப் பார்த்து மேட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். என்ன இது என்று மலாயில் கேட்டார். "செண்டானா, துவான்," என்றான் வீரமுத்து, சந்தனம் ஐயா என்று அவர் பாஷையிலேயே. இன்ஸ்பெக்டர் துளையைக் கம்பியால் குத்தித் திறந்து ஓட்டச் சொன்னார். முன்பு ஓடியதைவிடக் கூடுதல் சுற்று ஓடியும் வண்டி நிற்கவில்லை. பிறகு துளையில் சோப்பைத் திணித்து ஓட்டச் சொன்னார். அதே மேட்டுப்பக்கத்தில் நின்றது. மூடியைத் திறந்ததும் ஓடியது. அதற்கப்புறம்தான் அவர் முகம் தளர்ந்தது. வீரமுத்துவின் தோளில் ஒரு தட்டு தட்டி, சாமியை இனி வேறு இடத்தில் வை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப்பின் பின்சீட்டு காலியாகவே வேலி கேட்டைத் தாண்டிப் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை வீரமுத்து பார்த்துக்கொண்டே நின்றான்.

லயத்துக்கு நடந்தான். மூச்சு தாராளமாக வந்தது. யார் வீட்டிலோ கருவாடு வறுக்கிற வாசம் அடித்தது, அதுவே அத்தனை சந்தோஷமாக இருந்தது.

வீட்டு வாசலில் தாயம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு மூட்டை. அவனைக் கண்டதும் எழுந்து அதை நீட்டினாள்.

"ரெண்டு சட்டெ, போர்வெ, துன்னூறு எல்லாம் வச்சிருக்கேன். ஜெயிலுக்குள்ள குளிருமாமே."

"எங்கயும் போகலலா. ஜீப்பு போயிருச்சு."

அவள் நம்பாமல் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ரோட்டில் யாரும் இல்லை.

"அவுத்துப் போடு புள்ளே," என்றான்.

அவள் முடிச்சில் கைவைத்தாள். அழுதுகொண்டே கட்டியதில் துணி நனைந்து முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவனும் உட்கார்ந்து விரல் கொடுத்தான். எந்த நட்டையும் கழற்றுகிற கை அது, இந்த ஈர முடிச்சில் ஒரு நுனியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அவள் குனிந்து பல்லால் கடித்தாள், வரவில்லை. தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூட்டையை நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.